நாகப்பட்டினம் பக்கம் டிஜிபிஎஸ் உயரம் மைனஸ் 86 காட்டுது: கடல்மட்டத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?

#1 நீர்மட்டம்

வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் 14 கி.மீ. வடிகால் வாய்க்காலுக்கு லெவல் எடுக்கிற வேலை. சர்வே ஆஃப் இந்தியா கோர்ஸ் நிலையத்தை (எப்போதும் இயங்கும் நிலையான ஜிபிஎஸ் நிலையம்) வைத்து 8 கான்கிரீட் தூண்களுக்கு டிஜிபிஎஸ்ஸில் ஸ்டேட்டிக் (ரிசீவரை அசைக்காமல் நீண்ட நேரம் வைத்து அளப்பது) எடுத்தாயிற்று. மூன்று சிக்கல்.

ஒன்று, தூண்களின் உயரம் எல்லாம் மைனஸ் 86, மைனஸ் 87 என்று வருகிறது. பழைய லாங் செக்‌ஷனில் (நீளவாட்டு மட்டப் படம்) அதே இடத்தில் தரைமட்டம் +4.9.

இரண்டு, முதல் தூணுக்கும் இரண்டாம் தூணுக்கும் டோட்டல் ஸ்டேஷனில் (தூரமும் கோணமும் அளக்கும் கருவி) 2140.316 மீட்டர். டிஜிபிஎஸ் ஆயத்தொலையிலிருந்து கணக்குப் போட்டால் 2139.911. நாற்பது சென்டிமீட்டர் எங்கே போனது?

மூன்று, பழைய டோப்போஷீட்டிலிருந்து (சர்வே வரைபடத் தாள்) எடுத்த அட்சரேகை தீர்க்கரேகையைச் செயற்கைக்கோள் படத்தில் போட்டால், மதகு இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளி வயலுக்குள் விழுகிறது.

ரிசீவர் கோளாறா, நாங்கள் செய்த கோளாறா?

#2 கல்தூண்

மூன்றுமே கோளாறு இல்லை சார். உயரத்தை முதலில் பார்ப்போம்.

ரிசீவர் தருவது டபிள்யூஜிஎஸ் 84 எலிப்சாய்டுக்கு மேலே உள்ள உயரம். எலிப்சாய்டு என்பது கணக்குக்காக வைத்த வழவழப்பான உருவம். கடல் அதன் மேல் படிவதில்லை, புவியீர்ப்பு போகிற போக்கில் அமையும் கடல்மட்டப் பரப்பான ஜியாய்டை ஒட்டித்தான் நிற்கும். உலகத்திலேயே ஆழமான ஜியாய்டு பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, எலிப்சாய்டுக்குக் கிட்டத்தட்ட 106 மீட்டர் கீழே. தமிழகக் கரை முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இங்கே ஜியாய்டு உயரம் மைனஸ் 80க்கும் மைனஸ் 100க்கும் நடுவில் வரும். மெரினாவில் நின்று ஆண்ட்ராய்டு போனில் மூல உயரத்தைப் பார்த்தாலும் மைனஸ்தான் காட்டும்.

கணக்கு இவ்வளவுதான்: கடல்மட்ட உயரம் = எலிப்சாய்டு உயரம் கழித்தல் ஜியாய்டு உயரம். ஒரு தூண் −86.412, அந்த இடத்து ஜியாய்டு −91.30 என்றால் விடை +4.888. கழிக்கிற எண்ணே மைனஸ் என்பதால் கூட்டலாகிவிடும். இந்த இடத்தில் குறியை மாற்றிப் போட்டு −177 என்று ரிப்போர்ட் கொடுத்தவர்கள் உண்டு.

ஆனால் இஜிஎம் 2008 என்ற உலக ஜியாய்டு மாதிரியை வைத்துக் கழித்து அப்படியே வாய்க்கால் லெவலாக எழுதிவிடாதீர்கள். உங்கள் லாங் செக்‌ஷனில் உள்ள +4.9 வேறு அடிப்படை. இந்தியாவின் பழைய மட்ட வலையை 1909இல் ஒன்பது துறைமுக அலைமானிகளின் மேல் கட்டினார்கள்: கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஃபால்ஸ் பாயிண்ட். ஆம், உங்கள் நாகப்பட்டினமும் அதில் ஒன்று. ஒன்பது இடத்திலும் சராசரிக் கடல்மட்டம் பூஜ்யம் என்றே பிடித்துக்கொண்டார்கள். நீரோட்டம், வெப்பநிலை, உப்பு இவற்றால் கடல் எல்லாக் கரையிலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஆகவே அந்த வலைக்குள்ளேயே ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. உலக மாதிரிக்கும் அந்த வலைக்கும் சில பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வருவது இயல்பு.

#3 ரோவர்பிரியன்

இதுக்கெல்லாம் லெவலிங் எதுக்கு? கோர்ஸ்ல ஆர்டிகே (நடந்துகிட்டே உடனுக்குடன் அளக்கிற ஜிபிஎஸ் முறை) போட்டு, கண்ட்ரோலர்ல ஜியாய்டு ஃபைலை ஏத்திட்டா நேரடியா கடல்மட்ட உயரம் வந்துடும். 14 கி.மீ. ஒரே நாள்ல முடியும். ஆட்டோ லெவலைத் தூக்கிட்டு வெயில்ல ஏன் அலையணும்?

#4 ஸ்டாஃப்காரர்

தம்பி, மேட்டுப்பாங்கான இடத்து ரோட்டு வேலை என்றால் நீங்கள் சொல்வது சரி. இது டெல்டா வடிகால். படுகைச் சரிவு 1:5000 என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 20 செ.மீ. இறக்கம். ஆர்டிகே உயரம் ஒரு புள்ளிக்கு 3 முதல் 5 செ.மீ. வரை ஆடும். அடுத்தடுத்த இரண்டு புள்ளியில் ஒன்று மேலே 4, இன்னொன்று கீழே 4 என்றால் 8 செ.மீ., அதாவது 400 மீட்டர் நீளத்துச் சரிவு காணாமல் போய்விடும். தண்ணீர் பின்னோக்கி நிற்கும். குறுக்குவெட்டு எடுக்க, கரை அளக்க ஆர்டிகே தாராளமாகப் போதும். படுகை மட்டத்துக்கும் மதகு அடித்தளத்துக்கும் லெவல்தான்.

நீர்மட்டம் சார், செய்ய வேண்டியது இதுதான். பக்கத்தில் உள்ள ஜிடிஎஸ் பெஞ்ச்மார்க் (உயரம் தெரிந்த நிலையான குறி) விவரத்தை சர்வே ஆஃப் இந்தியாவிடம் வாங்குங்கள். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. பழைய பாலத்துக் கைப்பிடிச் சுவர், ஸ்டேஷன் பிளாட்பாரம், தேவாலயப் படிக்கட்டு மாதிரிக் கல் வேலைகளில் சதுரம் வெட்டி, ஜிடிஎஸ், பிஎம் எழுத்துகளைச் செதுக்கியிருப்பார்கள். பெயின்ட் அடித்து மூடியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் தெரியும். கல் இருக்கிறது என்பதாலேயே நம்பக்கூடாது. ரோட்டை அகலப்படுத்தும்போது கல்லைப் பெயர்த்து வேறு உயரத்தில் திருப்பிப் பதித்திருப்பார்கள். அதனால்தான் இரண்டு கேட்கிறேன்: ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடித்து, அச்சிட்ட உயர வித்தியாசம் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் எது ஆடியது என்று சொல்ல மூன்றாவது வேண்டும்.

லெவலை எடுக்குமுன் இரு முளைச் சோதனை. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை, நடுவில் கருவி வைத்து ஒரு வித்தியாசம், ஒரு முளைக்கு 3 மீட்டர் அருகில் வைத்து இன்னொரு வித்தியாசம். இரண்டும் 2 மி.மீ.க்கு மேல் விலகினால் கருவியைச் சரிசெய்த பிறகே வேலை.

பேக்சைட் (பின்பக்க ஸ்டாஃப், அதாவது அளவுகோல்), ஃபோர்சைட் (முன்பக்க ஸ்டாஃப்) தூரம் சமமாக, 40 முதல் 50 மீட்டருக்குள். தார் ரோட்டில் பகல் பதினொன்றுக்கு மேல் ஸ்டாஃபின் கீழ் அரை மீட்டரில் ரீடிங் எடுக்காதீர்கள், கானல் ஆட்டும். ஸ்டாஃபில் குமிழ் கட்டாயம். 4 மீட்டர் ரீடிங்கில் ஸ்டாஃப் 2 டிகிரி சாய்ந்தாலே 2.4 மி.மீ. கூடுதலாகக் காட்டும், அதுவும் எப்போதும் கூடுதல் பக்கமே. இரண்டு ஸ்டாஃப் ஓடினால் இரண்டு பெஞ்ச்மார்க்குக்கு நடுவே கருவி வைக்கும் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். ஒரு ஸ்டாஃபின் அடி தேய்ந்திருந்தாலும் கணக்கில் அடிபட்டுவிடும். டர்னிங் பாயிண்டுக்கு (கருவி இடம் மாறும்போது ஸ்டாஃப் நிற்கும் இடைப்புள்ளி) இரும்புத் தட்டு. வரப்பு மண்ணில் நேரடியாக ஸ்டாஃப் வைத்தால் இறங்கும்.

போகவும் வரவும் எடுத்து மூடுங்கள். அனுமதிக்கும் பிழை 12√கி.மீ., மில்லிமீட்டரில். 6 கி.மீ.க்கு 29 மி.மீ. நன்றாகச் செய்தால் அதில் பாதிக்குள் வந்துவிடும்.

#5 நீர்மட்டம்

நன்றி சார். ஒரு பாலத்தில் பெஞ்ச்மார்க் கிடைத்தது, கடைசித் தூணிலிருந்து 6 கி.மீ. நடுவே வெட்டாறு குறுக்கே வருகிறது, பாலம் அந்தப் பக்கம். இப்போதைக்கு அந்தப் பெஞ்ச்மார்க் பக்கத்திலேயே டிஜிபிஎஸ் வைத்து எடுத்துப் பார்த்தோம். இஜிஎம் 2008 கழித்தால் அச்சிட்ட உயரத்தைவிட 0.43 மீட்டர் கூடுதல். இது நீங்கள் சொன்ன அடிப்படை வித்தியாசமா, தப்பா?

#6 கல்தூண்

ஒரே ஒரு புள்ளியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 0.43 அடிப்படை வித்தியாசமாகவும் இருக்கலாம், ஆன்டெனா உயரப் பிழையாகவும் இருக்கலாம்.

ஆன்டெனாவை முதலில் பாருங்கள். உயரப் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. டேப்பில் அளந்தது செங்குத்தா, ரிசீவர் விளிம்புக்குச் சரிவாகவா? 1.5 மீட்டர் உயரத்தில், ஆரம் 10 செ.மீ. உள்ள விளிம்புக்குச் சரிவாக அளந்ததை அப்படியே செங்குத்து என்று போட்டால் 3 மி.மீ.தான் பிழை. அது பெரிய விஷயமில்லை. ஆனால் விளிம்பிலிருந்து ஆன்டெனா அடிப்பகுதிக்கு உள்ள கழிவை மென்பொருள் இரண்டு தடவை கழித்தாலோ, ஆன்டெனா மாடல் பெயரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலோ 5 முதல் 10 செ.மீ. சுலபமாகப் போகும். ரைனெக்ஸ் ஃபைலின் (ரிசீவர் பதிவின் பொது வடிவக் கோப்பு) தலைப்பகுதியைத் திறந்து, அங்கே உள்ள ஆன்டெனா உயரத்தைக் களப்புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். 1.543 என்று எழுதியது 1.453 என்று ஏறியிருக்கும், அது ஒன்பது சென்டிமீட்டர்.

பிறகு இன்னும் இரண்டு பெஞ்ச்மார்க்கில் இதே மாதிரி எடுங்கள். மூன்றிலும் 0.40, 0.43, 0.44 என்று வந்தால் அடிப்படை வித்தியாசம்தான், சராசரியை எல்லாத் தூணிலும் கழித்துவிடலாம். ஒரு திசையில் மெல்ல ஏறினால் சாய்தளம் பொருத்த வேண்டும், அதற்கு மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் இருக்கக்கூடாது. 0.43, 0.12, 0.51 என்று சிதறினால் எங்கோ தப்பு, சராசரி எடுத்து மறைக்காதீர்கள்.

ஆற்றைப் பற்றி ஸ்டாஃப்காரர் சொல்லட்டும்.

#7 ஸ்டாஃப்காரர்

வெட்டாற்றுக்கு எதிரெதிர் லெவலிங். இக்கரையில் கருவியை இக்கரை ஸ்டாஃபுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு ஸ்டாஃபையும் படியுங்கள். கருவியை அக்கரைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி. இரண்டு வித்தியாசத்தின் சராசரிதான் சரியான வித்தியாசம். கருவியின் கோட்டுப் பிழை, பூமி வளைவு இரண்டும் அடிபடும். ஒளிவிலகல் மட்டும் முழுதாகப் போகாது, ஏனென்றால் கரை மாறுவதற்குள் காற்றுச் சூடாகிவிடும். மேகமூட்டமான காலை நேரம் எடுங்கள். தூரக் கரை ஸ்டாஃபில் கோடு தெரியாது, அதனால் நகரும் குறித்தட்டு மாட்டி, ஸ்டாஃப் பிடிப்பவரை ஏற்றி இறக்கச் சொல்லி, பத்து தடவை படித்துச் சராசரி.

#8 முக்கோணம்

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. நாற்பது சென்டிமீட்டர் எங்கும் போகவில்லை.

பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் யுடிஎம் திட்டத்தில் மண்டலத்தின் நடுக்கோட்டில் அளவுக் காரணி 0.9996. அதாவது நடுக்கோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு 40 செ.மீ. குறைத்துக் காட்டும். விலக விலகக் கூடிக்கொண்டே போகும். உங்கள் மண்டலம் 44, நடுக்கோடு 81 டிகிரி. நாகப்பட்டினம் 79.84 டிகிரியில், அங்கே காரணி 0.99980. உயரக் காரணியும் உண்டு. அதில் போட வேண்டியது எலிப்சாய்டு உயரம், கடல்மட்ட உயரம் இல்லை. மைனஸ் 86 என்பதால் 1.0000135 வரும். பெருக்கினால் 0.99981. 2140.316ஐ இதால் பெருக்குங்கள், 2139.909 வரும், உங்கள் எண்ணுக்கு 2 மி.மீ.தான் வித்தியாசம். உங்கள் டோட்டல் ஸ்டேஷனும் சரி, டிஜிபிஎஸ்ஸும் சரி. சில மில்லிமீட்டருக்குள் பொருந்துகிறது என்றால் களவேலை சுத்தம் என்று அர்த்தம்.

டிராவர்ஸை (தூரமும் கோணமும் அளந்து போகும் தொடர் கோடு) இந்தத் தூண்களில் மூடுமுன் டோட்டல் ஸ்டேஷனில் காரணியை ஏற்றிவிடுங்கள், அல்லது கணக்குப் போடும்போது தூரங்களைப் பெருக்குங்கள். இல்லாவிட்டால் 14 கி.மீ.க்கு இரண்டரை மீட்டருக்கு மேல் இடிக்கும், பழி டிஜிபிஎஸ் மேல் விழும். மறுபக்கம், கட்டுமானக்காரருக்குக் கொடுக்கும் சங்கிலித் தூரம் தரைத் தூரமாகவே இருக்க வேண்டும். அவர் கிரிட் (வரைபடத் தள) தூரத்தை வைத்துக் கான்கிரீட் வாய்க்கால் பலகம் வெட்டினால் கடைசியில் பலகம் பற்றாது.

மேற்கு மாவட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. 78 டிகிரி கோடு தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. திண்டுக்கல் நகரம் 43ஆம் மண்டலம், மதுரை 44. இரண்டு ஊருக்கும் நடுவே ரோடு போட்டால் பாதி வேலை இபிஎஸ்ஜி (ஆயத்தொலை முறைகளின் குறியெண்) 32643, மீதி 32644. மண்டல விளிம்பில் காரணி 1.0009, கிலோமீட்டருக்கு 90 செ.மீ.க்கு மேல் கூடுதலாகக் காட்டும். நீள வேலைகளுக்கு ஒரே மண்டலத்தைப் பிடித்து நீட்டிக்கொள்வது அல்லது வேலைக்கென்று யுடிஎம் மாதிரியே தனி டிஎம் திட்டம் வைப்பதுதான் என் கட்சி.

#9 பழையதாள்

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்த பகுதி.

பழைய டோப்போஷீட் எவரஸ்ட் எலிப்சாய்டில், மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரைத் தொடக்கமாக வைத்த டேட்டத்தில் (ஆயத்தொலைகளின் அடிப்படை) வரைந்தது. சர்வேயர் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலையில் தொடங்கிய அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த முக்கோண வலைதான் அதன் எலும்புக்கூடு. அந்த எலிப்சாய்டை இந்தியத் துணைக்கண்டத்துக்கு ஒட்டும்படி வைத்தார்கள், அதன் மையம் பூமியின் நிறை மையத்தில் இல்லை. டபிள்யூஜிஎஸ் 84 மையத்தில் வைத்தது. இந்தியா, நேபாளத்துக்கு அமெரிக்க ராணுவ வரைபட நிறுவனம் வெளியிட்ட மைய நகர்த்தல் மூன்று அச்சிலும் முறையே 295, 736, 257 மீட்டர். நாகப்பட்டினத்தில் இதைப் போட்டுப் பார்த்தால் வடக்கே சுமார் 175, மேற்கே சுமார் 160, மொத்தம் 237 மீட்டர் வரும். எவரஸ்ட் எண்ணை அப்படியே டபிள்யூஜிஎஸ் என்று போட்டால் புள்ளி அந்த அளவுக்குத் தென்கிழக்கே விழும். உங்கள் மதகு விழுந்த திசை தென்கிழக்கா பாருங்கள்.

இந்த மூன்று எண் மாற்றம் நாடு முழுவதற்கும் சராசரி, ஒவ்வோர் அச்சிலும் 10 முதல் 15 மீட்டர் துல்லியம்தான். மதகைக் கண்டுபிடிக்கப் போதும், எல்லைக்கல் ஊன்றப் போதாது. அதற்கு உங்கள் பகுதியிலேயே இரண்டு டேட்டத்திலும் தெரிந்த நான்கைந்து புள்ளி எடுத்துப் பொருத்துங்கள்.

இன்னொரு கண்ணி. மென்பொருளில் எவரஸ்ட் என்று தேடினால் பல வரும். அரைப் பேரச்சு (மையத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான ஆரம்) 6377276.345, 6377299.151, 6377301.243. மூன்றும் ஒரே 20922931.80 அடி. அடியை மீட்டராக்கிய காரணிதான் வேறு: 0.30479841, 0.3047995, 0.3047996. மேலே சொன்ன நகர்த்தலோடு இந்தியாவுக்குச் சேர்வது கடைசி எண். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் நகர்த்தல் எண்களால் போட்ட வரைபடத்தில் சில சென்டிமீட்டர்தான் நகரும், உயரம் மட்டும் 25 மீட்டர் வரை தாவும். வரைபடம் பொருந்துவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

#10 ரோவர்பிரியன்

சரி, லெவலிங் விஷயத்துல தோத்துட்டேன். கூகுள் எர்த் உயரத்தை வச்சு முதல் கட்ட மதிப்பீடாவது போடலாமா?

#11 ஸ்டாஃப்காரர்

மலையடிவாரம் என்றால் போடலாம். பல கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிற டெல்டாவில், சில மீட்டர் பிழையுள்ள உயரத்தை வைத்து வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடும் என்றுகூடச் சொல்ல முடியாது. தென்னந்தோப்பு மட்டையையும் தரை என்று எடுத்துக்கொள்ளும்.

#12 யாழ்தியோடலைட்

வணக்கம். இலங்கையில் வேலை செய்யிற ஆக்களுக்கும் உதவும் என்று எழுதுறன். எங்கட கதை கொஞ்சம் வேறை.

பழைய முறை கந்தவளை டேட்டம், நீர்கொழும்புப் பக்கத்து அடிக்கோட்டில் இருந்து வந்தது. எலிப்சாய்டு எவரஸ்ட்தான், ஆனால் 6377276.345. பழையதாள் அண்ணை சொன்ன இந்திய எண்ணைப் போட்டால் பிழை. கிரிட்டின் மையம் பிதுருதலாகலை. அங்கே 200000, 200000 மீற்றர் என்று கொடுத்திருக்கினம், இபிஎஸ்ஜி 5234. பிறகு ஜிபிஎஸ் வலையாலை திருத்தின எஸ்எல்டி 99 வந்தது. அதே மலை, ஆனால் 500000, 500000, இபிஎஸ்ஜி 5235. அளவுக் காரணி இரண்டுக்கும் 0.9999238418.

பலர் பழைய ஆள்கூற்றோடை 300000 கூட்டிப்போட்டு எஸ்எல்டி 99 என்று எழுதுகினம். அது சரியில்லை. வலையே திரும்பச் சரிசெய்யப்பட்டது, மீதி வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும்.

எஸ்எல்டி 99இலை இருந்து டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்ற ஏழு எண்: −0.293, 766.95, 87.713 மீற்றர், சுழற்சி 0.195704, 1.695068, 3.473016 வினாடி, அளவு −0.039338 மில்லியனில் ஒரு பங்கு. இந்தக் குறிகள் புரோஜ், கியூஜிஐஎஸ் மென்பொருள்கள் பயன்படுத்துற நிலைத்திசையன் முறைக்கு. அச்சுச்சட்டம் சுழற்றுற முறையிலை இயங்குற மென்பொருள் என்றால் மூன்று சுழற்சிக்கும் குறியை மாற்றோணும். மாற்றாமல் விட்டால் முழு வேலையும் கிட்டத்தட்ட 200 மீற்றர் மேற்கே போய் நிற்கும், வடக்கு தெற்கிலை 5 மீற்றர் மட்டும்தான் ஆடும். நேர் மேற்கே 200 என்று கண்டால் வேறை எங்கையும் தேடாதேங்கோ.

சரிபார்க்கிறதுக்கு ஒரு வழி: சுழற்சி இல்லாத மூன்று எண் மாற்றம் −97, 787, 86. இரண்டு வழியாலும் மாற்றிப் பாருங்கோ. சில மீற்றருக்குள்ளை வந்தால் குறி சரி.

#13 பழையதாள்

அருமை தம்பி. இந்தக் குறிக் குழப்பம் இந்தியப் பக்கம் உள்ளூர்ப் பொருத்தம் செய்பவர்களையும் பிடிக்கும். ஒரு மென்பொருளில் கண்ட ஏழு எண்ணை இன்னொன்றில் போடும்போது இதே விபத்து.

#14 கல்தூண்

நீர்மட்டம் சார், கோர்ஸ் பற்றி ஒன்று விட்டுப்போனது. தூண்களைக் கோர்ஸிலிருந்து எடுத்தீர்கள். சரிபார்க்க அதே ரைனெக்ஸை இணையத்தில் உள்ள பிபிபி சேவைக்கோ (ஒரே ரிசீவரின் பதிவிலிருந்து ஆயத்தொலை கணிப்பது) ஆஸ்போஸுக்கோ (ஆஸ்திரேலியச் சேவை) அனுப்பினால், அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி வரக்கூடும். பயப்பட வேண்டாம். இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்கே நகர்கிறது. அந்தச் சேவைகள் பொதுவாக நீங்கள் அளந்த நாளின் ஐடிஆர்எஃப் (உலகப் பொது ஆயத்தொலைச் சட்டம்) ஆயத்தொலையைத் தரும். கோர்ஸ் நிலையத்தின் ஆயத்தொலை வேறொரு குறிப்பு நாளுக்கு நிறுத்தி வைத்தது. நாள்களுக்கு நடுவே இருபது வருட இடைவெளி என்றால் ஒரு மீட்டர். எல்லாத் தூணும் ஒரே அளவு, ஒரே திசையில் நகர்ந்திருந்தால் அது தட்டு நகர்வு. ஒன்று மட்டும் தனியாகப் போயிருந்தால் அந்தத் தூணைத் திருப்பி எடுங்கள்.

தூண் விவரத் தாளில் ஆயத்தொலைக்குப் பக்கத்திலேயே ஐடிஆர்எஃப் எந்த வருடத்தது, குறிப்பு நாள் எது, உயரம் எலிப்சாய்டா கடல்மட்டமா, கடல்மட்டம் என்றால் எந்தப் பெஞ்ச்மார்க், எந்த ஜியாய்டு மாதிரி என்று எழுதிவிடுங்கள். நாலு வருடம் கழித்து வருகிறவர் உங்களைத் தேடி அலைய மாட்டார்.

#15 ஸ்டாஃப்காரர்

தூண் எப்படிப் போட்டீர்கள்? டெல்டாக் களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் உப்பும். ஒன்றரை அடி ஆழத்தில் போட்ட தூண் அதோடு ஏறி இறங்கும்.

#16 நீர்மட்டம்

60 செ.மீ. ஆழம். வரப்போரம்.

#17 ஸ்டாஃப்காரர்

உயரத்துக்கு அதை நம்பாதீர்கள், கிடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போடுவதானால் 60க்கு 60 செ.மீ. குழி, ஒரு மீட்டருக்குக் குறையாமல், வெடிப்பு முடியும் ஆழத்தையும் தாண்டி. அடியில் அகலம், மேலே குறுகல், எம் 20 கான்கிரீட். நேராக மேலே போகிற தூணின் பக்கவாட்டை மண் கவ்வித் தூக்கும், அதனால் மேல் பாதியைச் சுற்றி மணல் நிரப்புங்கள். நடுவில் 16 மி.மீ. கம்பி, தலை உருண்டையாகத் தேய்த்து, மேலே மெல்லிய கூட்டல் குறி. ஸ்டாஃப் உருண்டையின் உச்சியில் நிற்கும், டிரைபாடின் மையம் கூட்டல் குறியில் விழும். ஏழு நாள் தண்ணீர் ஊற்றி, அதன் பிறகு அளங்கள்.

உயரத்துக்குத் தனியாக, பைல் அடித்த பாலத்தின் அபட்மென்டிலோ (கரைப்பக்கத் தாங்குசுவர்) பழைய மதகின் கருங்கல்லிலோ டிபிஎம் (தற்காலிக பெஞ்ச்மார்க்) வைத்து, 2 கி.மீ.க்கு ஒன்று வீதம் லெவலைக் கொண்டுபோங்கள். களிமண்ணில் நிற்கும் ஒற்றைச் சிறு கல்வெர்ட் வேண்டாம்.

தூணைச் சுற்றி மூன்று நிலையான பொருளுக்குத் தூரம் அளந்து தாளில் படம் போடுங்கள். டிராக்டர் ஏறி உடைத்தாலும் இடத்தைப் பிடிக்கலாம். தென்னை, உயர் அழுத்த மின்கம்பி, தகரக் கூரை மூன்றுக்கும் தள்ளியே வைக்க வேண்டும், தகரம் செயற்கைக்கோள் அலையை எதிரொலித்து உயரத்தைக் கெடுக்கும்.

#18 நீர்மட்டம்

புரிந்தது. இன்னும் இரண்டு பெஞ்ச்மார்க் விவரத்துக்கு எழுதிக் கேட்கிறோம். மதகு விழுந்தது தென்கிழக்கேதான், பழையதாள் சார். ஸ்டேட்டிக்கை எவ்வளவு நேரம் வைத்துத் திருப்பி எடுக்கட்டும்? கோர்ஸ் நிலையம் 30 கி.மீ.க்குள் இருக்கிறது.

#19 முக்கோணம்

இரட்டை அலைவரிசை ரிசீவர் என்றால் 30 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் போதும். உயரம் முக்கியம் என்பதால் இரண்டு மணி நேரம் வையுங்கள். அதைவிட முக்கியம், மறுநாள் வேறு நேரத்தில் டிரைபாடைப் பிரித்துத் திருப்பி நிறுத்தி, ஆன்டெனா உயரத்தைப் புதிதாக அளந்து இரண்டாம் தடவை. ஒரே நிறுத்தலில் நான்கு மணி நேரம் வைத்தாலும் மையம் தவறியதும் டேப் தவறியதும் வெளியே தெரியாது. வெட்டுக் கோணம் (அதற்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை விட்டுவிடும் கோணம்) 15 டிகிரி, பதிவு இடைவெளி கோர்ஸ் ஃபைலோடு ஒத்துப்போகிற மாதிரி. இரண்டு தடவைக்கும் உயரம் 3 செ.மீ.க்கு மேல் விலகினால் மூன்றாம் தடவை.

ஆப்டிகல் பிளம்மெட்டையும் (கருவியைப் புள்ளிக்கு நேர்மேலே நிறுத்தப் பார்க்கும் குழல்) சோதித்துவிடுங்கள். டிரைப்ராக்கை (கருவி உட்காரும் அடித்தட்டு) 120 டிகிரி வீதம் மூன்று நிலையில் திருப்பிப் பார்த்து, தரையில் மூன்று புள்ளி விழுந்தால் நடுவைப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும்.